‘மாசமா இருந்தா அப்படித்தான்’: ஆறு வாரக் காய்ச்சலும் ஒரு மைட்ரல் வால்வும்

அவர் எங்கள் வார்டுக்கு வந்தபோது வளைகாப்பு முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்கள், விரல் நுனிகளில் கருஞ்சிவப்பாகப் பிடித்த மருதாணி. ஊசி போட நரம்பு தேடிய சிஸ்டர் வளையல்களை மேலே தள்ளித் தள்ளி அலுத்துப்போய், "இதைக் கொஞ்சம் கழட்டலாமாம்மா?" என்று கேட்டார். கூட வந்த மாமியார், "பிரசவம் ஆகுற வரைக்கும் கழட்டக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டார்.

வயது 23. முதல் கர்ப்பம், 26 வாரம் 1 நாள். காய்ச்சல், இடது விலாவுக்குக் கீழே வலி. பரிந்துரைக் கடிதத்தில் ‘கர்ப்பத்தில் சிறுநீரகத் தொற்று’ என்று எழுதியிருந்தது. செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஒரு டோஸ் ஏற்றி 108 ஆம்புலன்ஸில் அனுப்பியிருந்தார்கள். (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

காய்ச்சல் தொடங்கி ஆறு வாரம் ஆகிவிட்டது. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கும், ராத்திரி வேர்க்கும். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் பக்கத்து கிளினிக்கில் ஐந்து நாள் அமாக்சிசிலின். காய்ச்சல் விட்டது. பத்து நாளில் திரும்பி வந்தது. இரண்டாவது இடத்தில் சிறுநீர்ப் பரிசோதனையில் ரத்த அணுக்கள் தெரிந்ததால் சிறுநீர்த் தொற்று என்று ஐந்து நாள் செஃபிக்சிம். மறுபடி விட்டது, மறுபடி வந்தது. இதற்கிடையில் மூச்சு வாங்கியது, படி ஏறினால் நெஞ்சு படபடத்தது, கால் லேசாக வீங்கியது, சோறு இறங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் வீட்டிலும் வெளியிலும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்."

பொய்யான பதில் என்றும் சொல்ல முடியாது. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் ரத்தமும் ஏறக்குறைய அதே அளவு கூடுகிறது. நாடி வேகமாகும், ஹீமோகுளோபின் நீர்த்துக் குறையும், கால் வீங்கும், மூச்சு வாங்கும். இதய நோய்க்கும் இதே அறிகுறிகள்தான்.

முதல் நாள் இரவு நானும் அந்தக் கடிதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டேன். காய்ச்சல் 101.2 டிகிரி, நாடி 112, ரத்த அழுத்தம் 104/60. இடது பக்கம் அழுத்தினால் வலி. சிறுநீரில் ரத்த அணுக்கள். செஃப்ட்ரையாக்சோன் இரண்டாவது டோஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். சிறுநீரில் சீழ் அணுக்கள் ஏன் இவ்வளவு குறைவு, முதலில் அனுப்பிய சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ஏன் ஒன்றும் வளரவில்லை என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் காலை

ரவுண்ட்ஸில் ஹவுஸ் சர்ஜன் ஒருவர் தயங்கித் தயங்கி, "சார், மர்மர் கேக்குது" என்றார். கர்ப்பிணிகளில் பெரும்பாலானோருக்கு ஒரு மெல்லிய முணுமுணுப்பு கேட்கும், அதுவாக இருக்கும் என்றேன். "இல்ல சார், ஏபெக்ஸ்ல. கக்கத்துக்குப் போகுது."

ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். அவர் சொன்னது சரி. கர்ப்பத்தில் இயல்பாகக் கேட்கும் ஒலி மார்பெலும்பின் இடது ஓரத்தில் கேட்கும், மென்மையாக இருக்கும், இதயம் சுருங்கும் நேரத்தின் நடுவில் வந்து போய்விடும். இது இதய நுனியில் தொடங்கி, சுருங்கும் நேரம் முழுவதும் நீண்டு, அக்குள் வரை பரவியது. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கி ஒழுகும் ஒலி. கர்ப்பகாலப் பதிவு அட்டையைப் புரட்டினேன். நான்கு முறையும் இதயத்துக்கு நேரே ‘எஸ்1 எஸ்2 கேட்கிறது’, அதாவது இயல்பான இரண்டு இதய ஒலிகளும் கேட்கின்றன என்று ஒரே கையெழுத்தில் இருந்தது.

காய்ச்சல் வருபவருக்கு வால்வில் ஒழுக்கு என்று தெரிந்துவிட்டால், வால்வில் கிருமி குடியேறும் நோயை (இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ்) நினைத்து அதன் தடயங்களைக் கைகால்களில் தேட வேண்டும். நகத்துக்கு அடியில் சிராய் குத்தியதுபோல ரத்தக் கீற்று இருக்கிறதா என்று பார்க்கப் போனால், பத்து நகமும் மருதாணி. கால் நகங்களிலும் மருதாணி. நகத்தைக் கைவிட்டு விரல்களின் சதைப்பகுதியைத் தடவிப் பார்த்தேன். வலது கால் பெருவிரலில் பட்டாணிக்கும் சிறிய ஒரு முடிச்சு. தொட்டதும் காலை இழுத்துக்கொண்டார். ஆஸ்லர் கணு என்று பாடப்புத்தகத்தில் படிப்பது அதுதான். கீழ் இமையைத் திருப்பினால் உள்ளே இரண்டு சிவப்புப் புள்ளிகள். வாயைத் திறக்கச் சொன்னபோது கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று கறுத்து, பாதி கரைந்து போயிருந்தது. நாலாம் மாதத்தில் அந்தப் பல் வலி உயிர் போனதாம். "மாசமா இருக்கறப்ப பல்லு புடுங்கக் கூடாதுன்னு சொன்னாங்க" என்று கிராம்பு எண்ணெய் வைத்தே ஓட்டியிருக்கிறார்.

பழைய கதை வெளியே நடைபாதையில்தான் கிடைத்தது. மாமியார் டீ வாங்கப் போன நேரம் பார்த்து அந்தப் பெண்ணின் அம்மா பின்னாலேயே வந்தார். "சார், அவங்க வீட்ல சொல்லிடாதீங்க. பதினோரு வயசுல முட்டி வீங்கிச்சு. ஒரு முட்டி சரியானா இன்னொண்ணு. பெரியாஸ்பத்திரில இருவத்தியொரு நாளைக்கு ஒரு ஊசி போடச் சொன்னாங்க. ரெண்டு வருசம் போட்டோம். வயசுக்கு வந்தப்புறம் நிறுத்திட்டோம். ஊசி போடற புள்ளைன்னு தெரிஞ்சா யாரு சார் கட்டுவாங்க?"

ருமாட்டிக் காய்ச்சல். சிறு வயதில் வரும் சாதாரணத் தொண்டைப் புண்தான் ஆரம்பம். அதை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் மேலுறையும் நம் இதயத் திசுவும் ஓரளவு ஒத்திருப்பதால், கிருமியைத் தாக்கப் புறப்பட்ட உடலின் எதிர்ப்புச் சக்தி வால்வையும் சேர்த்துத் தாக்கிவிடுகிறது. முட்டி வீக்கம் தழும்பில்லாமல் ஆறிவிடும். வால்வு அப்படி ஆறுவதில்லை, தடித்துச் சுருங்கும். அந்த 21 நாள் ஊசி பெனிசிலின். புதிய தொண்டைத் தொற்று வராமல் தடுத்து வால்வு மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அது. ஏற்கெனவே கெட்ட வால்வில் வேறு கிருமி ஒட்டுவதை அது தடுக்காது. மாணவர்கள் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அன்று மதியமே எக்கோ, அதாவது இதய ஸ்கேன். மைட்ரல் வால்வின் முன்னிதழில், இடது மேலறையைப் பார்த்த பக்கத்தில், 12 மி.மீ. நீளத்தில் ஒரு படிவு ஆடிக்கொண்டிருந்தது. வெஜிடேஷன் என்போம். மிதமான ஒழுக்கு. இதயத்தின் சுருங்கும் திறன் நன்றாகவே இருந்தது. மறுநாள் உணவுக்குழாய் வழியாகப் பார்த்த எக்கோவில் வால்வைச் சுற்றிச் சீழ்க்கட்டி இல்லை என்பது உறுதியானது. வயிற்று ஸ்கேனில் மண்ணீரலில் ஆப்பு வடிவத்தில் ஒரு கருத்த பகுதி. படிவிலிருந்து பிய்ந்த துணுக்கு மண்ணீரலின் ரத்தக்குழாயை அடைத்து அந்தப் பகுதி செத்துப் போயிருக்கிறது. சிறுநீரகத் தொற்று என்று நாங்கள் அழுத்திப் பார்த்த இடது விலா வலி இதுதான். சிறுநீரில் வந்த ரத்தமும் இதே நோயால் சிறுநீரக வடிப்பான்கள் அழற்சி அடைந்ததால் வந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 0.9. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது நல்ல எண். கர்ப்பிணிக்குச் சிறுநீரகம் கூடுதலாக வடிகட்டுவதால் 0.4 முதல் 0.8 வரைதான் இருக்க வேண்டும். அறிக்கையில் ‘இயல்பு’ என்றே அச்சாகியிருந்தது.

மற்ற எண்களையும் சொல்லிவிடுகிறேன். ஹீமோகுளோபின் 7.9, வெள்ளணுக்கள் 14,200, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி 78. அதையே காட்டும் இன்னொரு பரிசோதனையான ஈஎஸ்ஆர் 96 என்று வந்தது. கர்ப்பத்தில் அது எப்படியும் ஏறித்தான் இருக்கும் என்பதால் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

36 மணி நேரம்

டியூக் பல்கலைக்கழகத்தில் 1994இல் வகுத்து, 2000இலும் 2023இலும் திருத்திய அளவுகோல்களை வைத்துத்தான் இந்த நோயை உறுதி செய்கிறோம். ஒரு பெரிய சான்றும் மூன்று சிறிய சான்றும் இருந்தால் போதும். இவருக்கு எக்கோ பெரிய சான்று. பழுதுபட்ட வால்வு, காய்ச்சல், மண்ணீரல் அடைப்பு, கால்விரல் முடிச்சு என்று சிறியவை நான்கு. ஆக, இரண்டாம் நாள் மாலையே நோய் உறுதி. எந்தக் கிருமி என்பதுதான் தெரியவில்லை. ஆன்டிபயாடிக் உள்ளே போய்விட்டால் ரத்தக் கல்ச்சரில் கிருமி எளிதில் வளராது. இரண்டு டோஸ் செஃப்ட்ரையாக்சோன் உள்ளே போயிருந்தது, அதில் ஒன்று என் கையெழுத்தில்.

இங்கே எங்களுக்குள் ஒரு சண்டை. இதயவியல் துறை நண்பர், "12 மி.மீ. ஆடிட்டிருக்கு, ஏற்கெனவே ஒரு துண்டு போயிருக்கு. அடுத்தது மூளைக்குப் போனா? மருந்தை இப்பவே ஆரம்பிங்க" என்றார். நியாயமான பயம். என் பயம் வேறு. கிருமி தெரியாமல் தொடங்கினால் எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டிவரும், அந்தக் கூட்டில் ஜென்டாமைசின் வரும். நான்கு வாரம், ஆறு வாரம் என்று கொடுத்தால் குழந்தையின் காது நரம்பையும் தாயின் சிறுநீரகத்தையும் அது கெடுக்கக் கூடும். பெயர் தெரிந்துவிட்டால் ஒருவேளை அது இல்லாமலே முடிக்கலாம். ரத்த அழுத்தம் நிலையாக இருந்தது, மூச்சு சீராக இருந்தது. 36 மணி நேரம் மருந்தில்லாமல் காத்திருப்பது என்று முடிவானது.

உடனே மூன்று முறை, ஒரு மணி நேர இடைவெளிகளில், வெவ்வேறு நரம்புகளில் ரத்தம் எடுத்தோம். மறுநாள் மாலை இன்னும் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் வளையலைத் தள்ள வேண்டும், தோலை முறையாகத் துடைத்துக் காயவிட வேண்டும், ஒரு பாட்டிலுக்கு 10 மி.லி. எடுக்க வேண்டும். இரத்தசோகை உள்ள கர்ப்பிணியிடம் இவ்வளவு எடுக்கிறீர்களே என்று எல்லோரும் கேட்டார்கள். 2 மி.லி. எடுத்து அனுப்பும் கல்ச்சரில் பெரும்பாலும் ஒன்றும் வளராது, அப்புறம் அந்த ‘வளர்ச்சி இல்லை’யை நம்பித் தவறான மருந்து ஓடும்.

அந்த இரவில் கணவர் வந்து, "காய்ச்சல் அடிக்குது, ஒரு மருந்தும் போடாம வச்சிருக்கீங்களே சார்" என்று கேட்டார். பாராசிட்டமால் போகிறது என்று சொன்னால் தீர்கிற கேள்வி இல்லை. அவரை உட்கார வைத்து, மதகைத் தாண்டித் தண்ணீர் பீய்ச்சும் இடத்தில் ஓரமாகச் சுழலில் செத்தை சேர்வதைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். விவசாயக் குடும்பம், தலையாட்டினார். வால்விலும் அதுதான் நடக்கிறது. அழுத்தம் மிகுந்த கீழறையிலிருந்து ரத்தம் இடுக்கு வழியாக மேலறைக்குள் பீய்ச்சுகிறது. தாண்டிய பக்கத்தில் வால்வின் மேல்தோல் தேய்கிறது, அங்கே ரத்தத் தட்டணுக்களும் ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரின் இழைகளும் படிகின்றன. சொத்தைப் பல்லிலிருந்து ரத்தத்தில் ஏறிய கிருமி அதில் ஒட்டிக்கொண்டு மேலே இன்னொரு அடுக்கு போர்த்திக்கொள்கிறது. அந்தப் படிவுக்குள் ரத்தக்குழாய் கிடையாது, வெள்ளணுக்கள் உள்ளே நுழைய முடியாது. ஐந்து நாள் மாத்திரை ரத்தத்தில் மிதக்கும் கிருமியைக் கொல்லும், காய்ச்சல் நிற்கும். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், பத்து நாளில் மறுபடி ரத்தத்தில் கலக்கும். ஆறு வாரம் இவருக்கு நடந்தது அதுதான். காய்ச்சலை அடக்கியதால் நோய் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தது.

அவர் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியாது.

மூன்றாம் நாள் இரவு கடைசிப் பாட்டில் போன கையோடு ஆம்பிசிலினும் செஃப்ட்ரையாக்சோனும் தொடங்கினோம். முதல் மூன்று கல்ச்சரில் கடைசிவரை ஒன்றும் வளரவில்லை. இரண்டாவது தொகுதியில் மூன்றில் இரண்டு ஐந்தாம் நாள் பேசின: சங்கிலி சங்கிலியாக உருண்டைக் கிருமிகள் (கிராம் பாசிட்டிவ் காக்கஸ்). பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குயினிஸ், பல்லிலும் ஈறிலும் குடியிருப்பது. பெனிசிலினுக்கு நன்றாகவே பணிந்தது. ஜென்டாமைசின் தேவைப்படவில்லை. பெனிசிலின் 30 லட்சம் யூனிட், நான்கு மணிக்கு ஒரு முறை, இரவும் பகலும். கர்ப்பத்தில் ரத்த அளவு கூடியிருப்பதாலும் சிறுநீரகம் வேகமாக வெளியேற்றுவதாலும் டோஸின் மேல் எல்லையையே எடுத்தோம். ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆறாம் நாளும் எட்டாம் நாளும் எடுத்த கல்ச்சர்களில் வளர்ச்சி இல்லை. ரத்தம் இரண்டு யூனிட் ஏற்றினோம், ஒவ்வொன்றும் மிக மெதுவாக, கூடவே நீர் பிரிய வைக்கும் ஃபுரோசமைடு.

ஒன்பதாம் நாள் பல் மருத்துவர் வந்து மரத்துப்போகும் ஊசி போட்டு அந்தப் பல்லை எடுத்தார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்கள் பல் பிடுங்க நல்ல காலம். அழுகிய பல் வாயில் இருக்கும்வரை ஒவ்வொரு முறை மெல்லும்போதும் பல் தேய்க்கும்போதும் கிருமி ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். கர்ப்பத்தில் ஈறு வேறு வீங்கி எளிதில் ரத்தம் கசியும். ‘மாசமா இருக்கும்போது பல்லைத் தொடாதே’ என்ற பேச்சுக்கு இந்தப் பெண் என்ன விலை கொடுத்தார் என்பதை அதன் பிறகு பல பேரிடம் சொல்லிவிட்டேன்.

அறுவை எப்போது

பத்தாம் நாள், 27 வாரம் 3 நாள். மகப்பேறு, இதயவியல், இதய அறுவை, மயக்கவியல், பச்சிளங்குழந்தைப் பிரிவு எல்லோரும் ஒரு மேசையில் உட்கார்ந்தோம். படிவு 10 மி.மீ.க்கு மேல், ஏற்கெனவே ஒரு அடைப்பு. கர்ப்பம் இல்லாதிருந்தால் பேச்சே இல்லை, அறுவைதான் என்று அறுவை மருத்துவர் சொன்னார். கர்ப்பிணிக்கு இதய-நுரையீரல் இயந்திரத்தில் அறுவை செய்தால் தாய்க்கான ஆபத்து மற்ற பெண்களுக்கு உள்ளதைப் போலத்தான். அந்த விலையைக் குழந்தைதான் கொடுக்கும்: ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை இழப்பு பதிவாகியிருக்கிறது. இயந்திரத்தின் ஓட்டத்தைக் கூட்டி, சராசரி ரத்த அழுத்தத்தை 70க்கு மேல் வைத்து, உடலைக் குளிர்விக்காமல், தாயை இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து எவ்வளவோ செய்யலாம். ஆனாலும் நஞ்சுக்கொடிக்கு இயந்திரத்தின் ஓட்டம் இதயத்தின் ஓட்டம் ஆகாது.

காய்ச்சல் நின்றுவிட்டது, இதயச் செயலிழப்பு இல்லை, மருந்து தொடங்கியபின் புதிய அடைப்பு இல்லை. காடோலினியம் என்ற சாயமருந்து போடாமல் எடுத்த மூளை எம்ஆர்ஐயில் ரத்தக்கசிவோ அடைப்போ இல்லை. ஒவ்வொரு நாளும் குழந்தைக்கு லாபம். ஆகவே காத்திருப்போம், மூன்று நாளுக்கு ஒரு எக்கோ, மூச்சு திணறினால் அன்றே அறுவை என்று முடித்தோம். குழந்தையின் நுரையீரல் முதிர டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. நான்கு ஊசி, 12 மணிக்கு ஒன்று, அன்றே தொடங்கியது. இந்த முடிவு சரிதானா என்று பிறகு என்னைக் கேட்டவர்கள் உண்டு. நடந்ததைத் தெரிந்துகொண்டு திரும்பிப் பார்த்தால் 27 வாரத்திலேயே செய்திருக்கலாம் என்று தோன்றலாம். நான் இப்போதும் காத்திருக்கவே சொல்வேன். பதினெட்டாம் நாள் 28 வாரம் 4 நாளில் ஒரு குழந்தை பிறந்ததற்கு அந்த எட்டு நாள்தான் காரணம்.

எந்த வால்வு என்பதையும் அந்த வாரத்திலேயே பேசிவிட்டோம், நல்லவேளை. உலோக வால்வு பல காலம் உழைக்கும், ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அடுத்த கர்ப்பத்தில் வார்ஃபரின் கருவைப் பாதிக்கும், நிறுத்தினால் வால்வு அடைத்துக்கொள்ளும். திசு வால்வுக்கு மூன்று மாதம் வார்ஃபரின் போதும், ஆனால் இவ்வளவு சின்ன வயதில் அது பத்துப் பதினைந்து வருடத்தில் கெட்டு இரண்டாவது அறுவை வரும். அவர் யோசித்துவிட்டு, "ரத்தம் டெஸ்ட் பண்ண எங்க ஊர்லேருந்து ரெண்டு பஸ் மாறணும்" என்றார். திசு வால்வு என்று முடிவானது.

பதினெட்டாம் நாள்

இரவு 2:40க்குப் பணியில் இருந்த முதுநிலை மாணவர் போன் செய்தார். போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் ஊன்றி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் 84. வாயில் இளஞ்சிவப்பு நுரை. ஸ்டெதாஸ்கோப்பில் மர்மர் முன்பைவிடக் குறைந்து, குட்டையாகக் கேட்டது. அனுபவம் இல்லாவிட்டால் இதை நல்ல செய்தி என்று நினைத்துவிடலாம். வால்வில் திடீரென்று பெரிய ஓட்டை விழும்போது கீழறைக்கும் மேலறைக்கும் இடையே அழுத்த வித்தியாசம் சீக்கிரமே சமமாகிவிடுகிறது, சத்தம் அடங்கிவிடுகிறது. எக்கோவில் முன்னிதழின் நடுவில் ஓட்டை. ரத்தம் அருவியாகப் பின்னே கொட்டியது.

முகமூடி வழியாக அழுத்தத்துடன் ஆக்சிஜன், ஃபுரோசமைடு, நைட்ரோகிளிசரின். ஐந்தரைக்கு இதய அறுவை அரங்கம் தயார். வளையல் கழற்ற வேண்டும் என்று சிஸ்டர் சொன்னபோது நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் வந்து, சோப்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, ஒன்றுகூட உடையாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்.

முதலில் முழு மயக்கத்தில் சிசேரியன். 6:12க்குப் பெண் குழந்தை, 1,080 கிராம். லேசாக முனகியது, உடனே குழாய் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். இனிமேல்தான் சிக்கல். இதய இயந்திரத்துக்கு ரத்தம் உறையாமலிருக்க முழு அளவு ஹெபாரின் வேண்டும். சற்றுமுன் நஞ்சு பிரிந்த கருப்பைக்கோ ரத்தம் உறைந்தாக வேண்டும். கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசினை ஒரேயடியாகப் போட்டால் ரத்த அழுத்தம் சரியும், அதனால் சொட்டுச் சொட்டாக. அதே வேலைக்கான மெத்தில் எர்கோமெட்ரின் அழுத்தத்தை ஏற்றிவிடும், அது வேண்டாம். மகப்பேறு மருத்துவர் கருப்பைக்குள் காண்டம் பலூன் வைத்து உப்புநீரால் நிரப்பினார். வங்கதேசத்து மகப்பேறு மருத்துவர் சையபா அக்தர் கண்டுபிடித்த எளிய உத்தி, விலையுயர்ந்த பலூன் இல்லாத இடங்களில் எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றியிருக்கிறது. நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு எங்கள் மகப்பேறு மருத்துவர் "சரி, ஆரம்பிங்க" என்றார். இதழ்கள் ருமாட்டிக் நோயால் தடித்துச் சுருங்கியிருந்ததால் தைத்துச் சரிசெய்ய வழியில்லை. திசு வால்வு பொருத்தினார்கள்.

பலூனை மறுநாள் எடுத்தார்கள். அறுவைக்குப் பின் மூன்றாம் நாள் சுவாசக் குழாயை எடுத்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, குழந்தை அழுததா என்பது. எடுத்த வால்வின் கல்ச்சரில் வளர்ச்சி இல்லை. அதில் கிருமி உயிரோடு வளர்ந்திருந்தால் அறுவை நாளிலிருந்து முழுக் கணக்கையும் மறுபடி தொடங்கியிருப்போம். வளராததால் கல்ச்சர் சுத்தமான நாளிலிருந்து நான்கு வாரத்தை முடித்தோம். வார்ஃபரின் எடுத்துக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். இதைப் பலர் நம்புவதில்லை, அவருக்கும் இரண்டு பேர் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். முதல் பத்து நாள் குழந்தைக்குத் தாய்ப்பால் வங்கியின் பால். தாய் எழுந்து நடமாடும் வரை குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கங்காரு பராமரிப்பு செய்தது மாமியார்தான். விழித்திரைப் பரிசோதனை, செவித்திறன் பரிசோதனை இரண்டும் சரி. 62ஆம் நாள் 1.9 கிலோவில் வீட்டுக்குப் போனது.

பின்னோக்கிப் பார்க்கையில்

கர்ப்பத்தில் இந்த நோய் மிக அரிது. லட்சத்தில் சிலருக்குத்தான் வரும். பழைய தொகுப்புகளில் தாய்மாரில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள், அண்மைய தொகுப்புகளில் பத்தில் ஒருவர் அளவுக்கு இறங்கியிருக்கிறது. பெனிசிலின் வரும் முன் ஏறக்குறைய எல்லோருமே இறந்தார்கள். அந்தக் கால்விரல் கணுவுக்குப் பெயர் தந்த மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1885இல் லண்டனில் இந்த நோய் பற்றிச் சொற்பொழிவு ஆற்றியபோது அவரால் விவரிக்க முடிந்தது, குணப்படுத்த முடியவில்லை.

அரிய நோய்தான், ஆனால் அது வேர் பிடிக்கும் பழுதுபட்ட வால்வு நம்மிடையே அரிதில்லை. 2016 முதல் 2019 வரை சென்னை மருத்துவக் கல்லூரியில் இதய நோயுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பின்தொடர்ந்த பதிவேட்டில் ருமாட்டிக் காய்ச்சலால் வரும் வாத இதய நோய்தான் முதலிடம். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இதயத்தில் கோளாறு என்பதே கர்ப்பத்தின்போதுதான் முதன்முறையாகத் தெரிந்தது. இவருக்கும் அப்படித்தான் என்று பதிவேட்டில் ஏறியிருக்கும். ஆனால் இவருக்கும் இவருடைய அம்மாவுக்கும் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். நாங்கள் கேட்ட விதத்தில் அது வெளியே வரவில்லை. "இதய நோய் இருக்கா?" என்று மாமியார் முன்னால் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். இப்போது எங்கள் பிரிவில் கர்ப்பிணியைத் தனியாக வைத்து, "சின்ன வயசுல முட்டி வீங்கி, மாசாமாசம் ஊசி போட்டதுண்டாம்மா?" என்று கேட்கிறோம்.

பிரசவத்தின்போது இப்படிப்பட்டவர்களுக்கு எல்லாம் நோய்த்தடுப்புக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். சுகப்பிரசவத்துக்கு வழக்கமாகத் தேவையில்லை. பல் வைத்தியத்துக்கும் 2007இல் அமெரிக்க இதயச் சங்கம் பட்டியலைச் சுருக்கிவிட்டது: செயற்கை வால்வு, முன்பு இந்த நோய் வந்தவர், சில வகைப் பிறவிக் கோளாறுகள். வெறும் வாத வால்வு அதில் இல்லை. இந்தப் பெண் அந்தப் பழைய பல்லை நாலாம் மாதமே எடுத்திருந்தால் விதிப்படி அவருக்கு அந்தத் தடுப்பு மாத்திரை கிடைத்திருக்காது. ஆனாலும் எடுத்திருந்தால் நல்லது என்றே நினைக்கிறேன். இப்போது அவர் பட்டியலில் இரண்டு காரணத்துக்காக இருக்கிறார், பல் வைத்தியத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் அமாக்சிசிலின் 2 கிராம்.

அறுவை முடிந்து ஆறாம் மாதப் பரிசோதனைக்கு வந்தபோது எக்கோ நன்றாக இருந்தது, வார்ஃபரின் நிறுத்தியாகிவிட்டது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது என்று மீண்டும் நினைவூட்டினேன். வால்வே புதிது, இனி எதற்கு 21 நாள் ஊசி என்று கேட்டார். மைட்ரல் வால்வுதான் புதிது, பக்கத்தில் அயோர்ட்டிக் வால்வு பழையதுதான், குறைந்தது 40 வயது வரை போட வேண்டும் என்றேன். ஊருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளக் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தேன். அங்கே ஒவ்வாமை வந்தால் என்ன செய்வது என்று பயந்து போட மறுத்துவிட்டார்களாம். அதனால் 21 நாளுக்கு ஒரு முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மாமியாரும் கூட வர, இரண்டு பஸ் மாறி எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கே வருகிறார். ஊசி அட்டை மாமியாரின் சுருக்குப் பையில் இருக்கிறது. அடுத்த தேதி ஒரு செவ்வாய்க்கிழமை.